காற்றை அளந்த டப்பா

வாசல் மணி அடித்தது. திறந்தால், தரைத்தளத்து முத்துக்குமார். கையில் சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்று.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக் காத்தைக் கொஞ்சம் அளந்துக்கலாமா?"

என் வீட்டு வாசலில் நின்று எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். உறைமோர், ஸ்க்ரூ டிரைவர், சிலிண்டர், மகனுக்குப் பெண்... காற்றை அளக்கக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அளந்து?"

"ரேடான் இருக்கானு பாக்கணும் ஆன்ட்டி."

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். பிள்ளை இளைத்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்; ஐ.டி. வேலை. மனைவி மாரிச்செல்விக்கு அப்போது ஆறாம் மாதம். எங்கள் பட்டாபிராம் அப்பார்ட்மென்ட்டில் ஆசை ஆசையாக வாங்கிய ஃபிளாட். அதில் இப்போது அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம், அவனோடு ஆன்லைனில் வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கர். புது வீடு வாங்கப் போகிறாராம். "வீட்டில் ரேடான் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றாராம். அது என்ன என்று இவன் கூகுளில் தேடினான். அதோடு போயிற்று நிம்மதி.

ரேடான் என்பது ஒரு வாயு. மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே துளித் துளி யுரேனியம் கிடக்கிறது இல்லையா? அதிலிருந்து கிளம்பி வருவது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து போய்விடும் – ஒரு பொல்லாப்பும் இல்லை. ஆனால் தரை விரிசல் வழியாக மூடிய அறைக்குள் வந்து தங்கிவிட்டால், வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறவரின் நுரையீரலுக்கு ஆகாது. புற்றுநோய் வரை கொண்டுபோகலாம்.

முத்துக்குமார் முதலில் பில்டருக்கு போன் செய்திருக்கிறான். "சார், நம்ம பில்டிங்ல ரேடான் செக் பண்ணீங்களா?"

"அந்த பிராண்டெல்லாம் நாம யூஸ் பண்றதில்ல தம்பி. நல்ல கம்பெனி பெயின்ட்டுதான் அடிச்சிருக்கோம்" என்றாராம் பில்டர்.

அப்புறம்தான் இந்த மீட்டரை வரவழைத்திருக்கிறான். பச்சை விளக்கு எரிந்தால் பிரச்சினை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்.

"மொதல் நாள் எங்க பெட்ரூம்ல மஞ்சள் காட்டிட்டு ஆன்ட்டி. செல்விகிட்ட சொல்லல. வீட்டைக் காலி பண்ணிட்டு வாடகைக்குப் போயிரலாமானு யோசிக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. குழந்தைக்குத் தொட்டில் எங்கே மாட்டுவது என்று போன வாரம்தான் அந்தப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

இவ்வளவையும் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவரை அறிமுகம் செய்ய வேண்டும். என் கணவர் சந்தானம். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஏதாவது ஓர் உலோகத் துண்டை அளந்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்லியே சம்பளம் வாங்கிய மனிதர். இட்லிகூட எனக்குத் தெரியாமல் அளந்து பார்ப்பார் என்று ஒரு சந்தேகம் உண்டு.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒரு நாள் ரீடிங்கை வெச்சு ஒரு பீஸை ரிஜெக்ட் பண்ண முடியாது தம்பி. ஒழுங்கா அளப்போம்."

என் கல்லூரித் தோழி பத்மா பிசிக்ஸ் பேராசிரியர். அவளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அவர் சொல்றது சரிதான்" என்றாள் பத்மா. "இது நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். வாரக்கணக்குல, முடிஞ்சா மாசக்கணக்குல வெச்சுப் பார்த்தாதான் அர்த்தம். ஜன்னலை எப்பவும் போல வெச்சுக்கோங்க. மண்ணுக்குப் பக்கத்துல இருக்கற வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க."

முத்துக்குமார் அடுத்த கேள்வி கேட்டான். நம் எல்லாருக்கும் வரக்கூடிய கேள்விதான். "மேடம், இதை கவர்மென்ட்ல யார் வந்து செக் பண்ணுவாங்க?"

பத்மா சிரித்தாள். "சுரங்கம் மாதிரி இடங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கு, கண்காணிப்பு இருக்கு. ஆராய்ச்சி பண்றவங்க நாடு பூரா நிறைய வீடுகள்ல சின்னச் சின்ன டப்பா தொங்கவிட்டு அளந்திருக்காங்க. ஆனா உங்க ஃபிளாட் கதவைத் தட்டி, 'இங்க அதிகமா இருக்கு, இதைச் செய்'னு சொல்ல, எனக்குத் தெரிஞ்சு யாரும் வர மாட்டாங்க."

யோசித்துப் பார்த்தேன். காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை உண்டு. பெட்ரோல் பங்க்குக்குச் சோதனை உண்டு. எங்கள் லிஃப்டுக்கு லைசென்ஸ் உண்டு; மாட்டி வைத்திருக்கிறோம். மூன்றிலும் நாம் சில நிமிடம்தான் நிற்கிறோம். ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து விடுகிற காற்றுக்கு மட்டும் எந்த முத்திரையும் இல்லை. விசித்திரம்தான், இல்லையா?

சரி, அரசாங்கம் வருகிற வரைக்கும் அசோசியேஷன்தான் அரசாங்கம்! என் கணவர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றறிக்கை விட்டார். தரைத்தள வீடுகளில் முறை வைத்து மீட்டர் வைக்கப்படும் என்று.

குரூப் பற்றிக்கொண்டது. "ரேடியேஷனா?" "நான் அப்பவே செல்போன் டவர் வேணாம்னு சொன்னேன்." "இந்த மெசேஜை வெளியே ஃபார்வர்டு பண்ணாதீங்க, ஃபிளாட்டை யாரும் வாங்க மாட்டாங்க." ஒருவர் மட்டும், சம்பந்தமே இல்லாமல், "குட் மார்னிங்" என்று ரோஜாப்பூ போட்டார்.

மீட்டர் வீடு வீடாகப் போனது. கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணை விருந்துக்கு அழைப்பதைப் போல ஆளாளுக்கு வாங்கிப் போய் அலமாரியில் வைத்தார்கள். போகிற வருகிற போதெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லா இடத்திலும் பச்சை. முத்துக்குமார் வீட்டிலும், முழுசாகச் சில வாரங்கள் வைத்துப் பார்த்ததில், பச்சை.

பத்மாவைக் கேட்டேன். "நம்மூர் வீடு அப்படிடீ. ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு... எந்நேரமும் எதையாவது திறந்து வெச்சிருப்போம். உள்ளே வர்ற வாயு வந்த வழியே போயிடும்" என்றாள். கரன்ட் கட்டையும் புழுக்கத்தையும் திட்டித் திட்டி ஜன்னலைத் திறந்து வைத்ததில் இப்படி ஒரு லாபம்!

முத்துக்குமார் முகத்தில் பழைய சதை வந்தது. மாரிச்செல்விக்கு விஷயத்தைச் சொன்னான். அவள் திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். என் வீட்டுச் சோபாவில், வயிற்றின் மேல் தட்டை வைத்து மாங்காய் தின்றுகொண்டு.

"கன்னியம்மாக்கா ரூம்ல வச்சுப் பாத்தியளா?"

நானும் என் கணவரும் முத்துக்குமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் கார் பார்க்கிங் பாதி பூமிக்குள், பாதி பூமிக்கு வெளியே. அதன் மூலையில், தண்ணீர் சம்ப்புக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் ஓர் அறை. வாட்ச்மேன் ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்தக் கட்டடம் அஸ்திவாரக் குழியாக இருந்தபோதே மணலுக்கும் கம்பிக்கும் காவலாக வந்தவர்கள். சொல்லப்போனால், எங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே குடி வந்தவர்கள். மாரிச்செல்விக்கு வாய் கசந்த நாள்களில் புளி போட்டுக் கீரை கடைந்து கொண்டுவந்து தந்தவள் கன்னியம்மாதான்.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் முத்துக்குமாரும் இறங்கினோம். சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். டி.வி.க்குப் பூப்போட்ட துணியுறை. சாமி படத்துக்குக் கதம்பம். மே மாத வெயிலிலும் உள்ளே ஜிலுஜிலுவென்றிருந்தது. கன்னியம்மாவுக்கு அதில் பெருமை. "உங்க ஏசி ரூம்புலகூட இந்த ஜில்லு வராது, தெரியுமா?" ஏழுமலை கதவருகே உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் சிவப்பானது. ஒரு நாள் ரீடிங்தானே என்று விட்டுவைத்தோம். அடுத்த வாரமும் சிவப்பு. அதற்கடுத்த வாரமும்.

பத்மாவின் குரல் மாறியது. "மண்ணுக்குள்ள, ஜன்னல் இல்லாம, மூடின ரூம்... எதிர்பார்க்க வேண்டியதுதான். பயப்படாதீங்க, நாளைக்கே எதுவும் ஆகிடாது. ஆனா அப்படியே விடவும் கூடாது. அவர் பீடி வேற பிடிப்பாரா? ரெண்டும் சேர்ந்தா ரொம்ப மோசம்டீ."

அசோசியேஷன் மீட்டிங் கூடியது. முதல் மாடியில் அசோசியேஷன் ரூம் ஒன்று உண்டு. கேரம் போர்டும் பழைய நாற்காலிகளும் வசிக்கும் இடம். அவர்களை அங்கே மாற்றிவிடலாம் என்றேன்.

மூன்றாம் மாடி நண்பர் ஒருவர் எழுந்தார். பெயர் வேண்டாம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவரும் படிப்பவர். "எதுக்கு ரிஸ்க்? நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனா நம்ம பொறுப்பாயிடும். ரூமைப் பூட்டிடலாம். ஏஜென்சியில ஷிப்ட் ஆள் போட்டுக்கலாம். இவங்களுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பிடலாமே?"

சிலர் தலையாட்டினார்கள். அதைவிட மோசம், பலர் போனைப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு குரல். கன்னியம்மா. எல்லாருக்கும் டீ கொண்டுவந்தவள், தட்டோடு நின்றிருந்தாள்.

"எங்கள தொரத்தணும்னா நேரா சொல்லிடு சார். அதுக்கு இன்னாத்துக்கு ஒரு மிஷினு?"

தட்டைக் கீழே வைக்காமலே தொடர்ந்தாள்.

"இம்மா வருசமா இங்கதான கீறோம்? நல்லாத்தான கீறோம்? கலரு இல்லியாம், வாசன இல்லியாம், கண்ணுக்கும் தெரியாதாம். அப்புடி ஒண்ணு கீதுன்னு சொல்லி ஊட்ட காலி பண்ண சொல்றீங்க. எங்களுக்கு வேற ஊடு இன்னா இருக்குது?"

தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். டீ ஆறியது. முத்துக்குமார் என் பக்கம் குனிந்து, "இந்த டப்பாவைக் கொண்டுபோய் கூவத்துல போட்டிரலாம்னு இருக்கு ஆன்ட்டி" என்றான். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் செக்ரட்டரி எழுந்தார். என் கணவருக்கு மேடைப் பேச்சு வராது. சுற்றறிக்கைதான் வரும். அன்றைக்கு ஏனோ வந்தது.

"எங்க ஃபேக்டரியில ஒரு மெஷின் புகை விட்டா, மெஷினைத்தான் சரி பண்ணுவோம். ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். குறை அந்த ரூம்ல இருக்கு. ரூமைச் சரி பண்ணுவோம். வேற பேச்சே இல்ல."

உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை காலம் ஆகிவிட்டது. இந்த மனிதரை மறுபடி பெண் பார்க்க வரச் சொல்லலாமா என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அவர், "மைக் இல்லாம பேசினேனே, பின்னாடி கேட்டுச்சா?" என்றார். கேட்டது, கேட்டது.

தீர்மானம் நிறைவேறியது. மூன்றாம் மாடி நண்பரும் கை தூக்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கன்னியம்மாவிடம் போய்ப் பேசியது மாரிச்செல்வி. நாங்கள் போயிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியிறங்கி, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். "யக்கா, என் புள்ளைக்குனு வாங்குன மிஷின் இது. எங்க வீட்டுல சிவப்பு காட்டிருந்தா நான் பயந்திருப்பேன்லா? உங்க வீட்டுல காட்டுதுனா பயப்படாம இருப்பேனா? உங்கள யாரும் போவச் சொல்லல. ஜன்னல்தான் வைக்கப் போறாவ."

"ஜன்னலா?" என்று கேட்டாளாம் கன்னியம்மா. அப்புறம் எழுந்துபோய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாளாம்.

கட்டட இன்ஜினீயர் வந்து பார்த்தார். சுவரின் மேல்பாதி பூமிக்கு வெளியே இருப்பதால், பீமைத் தொடாமல் அங்கே ஜன்னல் திறக்கலாம். எதிர்ச்சுவரில் காற்றை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன். சம்ப்புக் குழாய் வரும் இடத்திலும் தரையிலும் இருக்கும் விரிசல்களை அடைக்க வேண்டும் என்றார். எந்தச் சுவரில் ஜன்னல் என்று என் கணவரும் அவரும் காகிதத்தில் கோடு போட்டுத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

கன்னியம்மா நடுவே வந்தாள். "அந்தாண்ட வெச்சா காம்பவுண்டு செவுருதான் தெரியும். கேட்டு பக்கம் வை சார். யாரு வரா, யாரு போறானு பாத்துக்கலாம்."

அது இன்ஜினீயரிங்படியும் சரியாக இருந்ததாம். கேட் பக்கமே வைத்தார்கள்.

வேலை நடந்த நாள்களில் இருவரும் அசோசியேஷன் ரூமில் தங்கினார்கள். கன்னியம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "ஒரே வெளிச்சம்மா. ட்ரெயினு போனா தலகாணி ஆடுது. நீங்கல்லாம் எப்டித்தான் தூங்கறீங்களோ!"

ஜன்னல் வந்த அன்று நான் மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டியதும் கீழேயிருந்து குரல். "வெண்டிக்கா எம்மாம்மா?" குனிந்து பார்த்தால், என் கணுக்கால் உயரத்தில் புத்தம் புது ஜன்னல். அதில் கன்னியம்மாவின் முகம். கட்டில் மேல் ஏறி நின்றிருக்கிறாள்!

"இங்கேர்ந்து எல்லார் காலும் தெரியுதும்மா. காலை வெச்சே யாருனு சொல்லிடுவேன். நம்ம சாரு செருப்பு ஒரு பக்கமா தேஞ்சு கெடக்குது. பாக்கவே இல்லியா நீ? புச்சு வாங்கிக் குடு."

கூடவே இருக்கிறேன், நான் கவனித்ததில்லை. அன்று சாயங்காலமே வாங்கிவிட்டோம்.

மீட்டர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. பிறகு கொசு வருகிறது என்று கன்னியம்மா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட, மறுபடி ஏறியது! அவசர அவசரமாகக் கொசுவலை அடித்தோம். ஃபேனும் ஓட ஓட, சில வாரங்களில் பச்சை வந்து நிலைத்தது.

இதில் பீடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைக் கன்னியம்மா தனியாகக் கவனித்துக்கொண்டாள். "நீ பீடி இஸ்த்தா அந்த மிஷினு செவப்பாவுது, பாத்துக்க. சாரு வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். ஏழுமலை பீடியைக் கட்டிலிலிருந்து படிக்கட்டுக்கு மாற்றினார். படிக்கட்டிலிருந்து கேட்டுக்கு வெளியே. அவ்வளவு தூரம் எழுந்து நடக்க அலுத்துப்போய், பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வந்து முத்துக்குமாரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நெசமா சொல்லு. அந்த மிஷினு பீடியக்கூட கண்டுபுடிக்குமா?"

அந்த மீட்டர் ரேடானை மட்டும்தான் அளக்கும். பீடிப் புகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முத்துக்குமாரோ ஒரு கமா தப்பாக இருந்தாலும் தூங்காத பிள்ளை. அவன் வாயைத் திறந்தான். ஏழுமலையின் தோளுக்குப் பின்னால் கன்னியம்மா, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"ரொம்ப நல்லா கண்டுபிடிக்கும்ணே" என்றான்.

விஞ்ஞானம் மன்னிக்கும். பத்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாரிச்செல்வி தாய்வீட்டுக்குப் போய்ப் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். ஆரத்தி எடுத்தது கன்னியம்மா. தொட்டில், முன்பு எனக்குக் காட்டிய அதே இடத்தில்தான் தொங்குகிறது. ஜன்னல் திறந்தே இருக்கிறது.

எங்கள் செக்ரட்டரி அசோசியேஷன் விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்: மண்ணுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் யாரையும் தங்கவைக்கக் கூடாது. நாடு முழுக்க இப்படி ஒரு விதி என்றைக்காவது வரட்டும். வரும் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை பட்டாபிராமில், ஒரு காம்பவுண்டுக்குள், அமலில் இருக்கிறது.

விஷயம் பரவி, இப்போது ஐயப்பன்தாங்கலிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அசோசியேஷன்காரர்கள் இவரைக் கூப்பிடுகிறார்கள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, முத்துக்குமாரின் டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போன இடத்தில் எல்லாரும் தங்கள் பெட்ரூமைத்தான் முதலில் காட்டுகிறார்களாம். இவர் உடனே பையைத் திறப்பதில்லை. ஒரு கேள்வி கேட்பாராம்.

"உங்க வாட்ச்மேன் எங்க தூங்கறார்?"

பாதிப் பேர், "இருங்க சார், விசாரிச்சுச் சொல்றேன்" என்கிறார்களாம்.